சம்மதம் கேட்பவர் தமிழில் கேட்கட்டும்

வியாழக்கிழமை என்றால் அய்யலூரில் ஆட்டுச் சந்தை. வாங்க வருபவர் ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், முதுகை அழுத்தி எடையைக் கணிப்பார், விலை படியாவிட்டால் அடுத்த ஆட்டுக்கு நகர்ந்துவிடுவார். அதே மனிதர் செல்போனில் கடன் ஆப் ஒன்றை இறக்கும்போது, ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக ஓடும் நிபந்தனைகளைத் தள்ளிவிட்டு ‘ஐ அக்ரீ’ என்பதைத் தொட்டுவிடுகிறார். இதை அலட்சியம் என்பது நியாயமில்லை. படிக்க முடியாத மொழி. பேரம் பேசவும் இடமில்லை.

கடனைப் பொறுத்தவரை விதி ஏற்கெனவே இருக்கிறது. வட்டி, பிராசசிங் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லும் முக்கியத் தகவல் அறிக்கையை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன், சிறுதொழில் கடன்களுக்கு இது பொருந்தும். அதில் சொல்லாத கட்டணத்தைப் பிறகு உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. போனிலுள்ள தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் கடன் ஆப்கள் எடுப்பதற்கு 2022-லேயே தடை வந்துவிட்டது.

மற்ற ஆப்களுக்கு 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எந்தத் தகவல், எதற்காக என்ற அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் ஒன்றில் படிக்க வழி தர வேண்டும். சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது: மருத்துவ ஆலோசனை தரும் ஆப், தொடர்பு எண்களுக்கும் சேர்த்துச் சம்மதம் வாங்கினாலும், வைத்தியத்துக்குத் தேவையில்லாத அந்தப் பகுதி செல்லாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன; நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். அவ்வளவு காலம் தேவையா என்பது என் ஆதங்கம்.

சட்டத் தமிழில் மொழிபெயர்த்து ஒட்டினால் மட்டும் போதாது. சந்தையில் புழங்கும் தமிழில், ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். நிபந்தனையே அநியாயமாக இருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதைச் செல்லாததாக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கு உண்டு. அதன் கிளை மதுரையிலேயே இருக்கிறது.

அடுத்த முறை கடன் ஆப் சம்மதம் கேட்டால், ‘தமிழில் கொடுங்கள்’ என்று கேளுங்கள். மறுத்தால் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணை அழையுங்கள். மற்ற ஆப், இணையக் கடைப் புகார்களுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டிலும் தமிழில் பேசலாம்.