கருநிறக் காருக்கு எந்த மெழுகு?

இரவில் தெருவிளக்கின் கீழ் நிற்கும் கருநீலக் கார் ஒன்றை உற்றுப் பாருங்கள். உலோக மினுமினுப்புக் கொண்ட அதன் பானெட்டில் விளக்கின் பிம்பம் தெரியும். அந்தப் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல் எண்ணற்ற மெல்லிய கோடுகளும் தெரியும். அதே வயதுடைய, அதே துணியால் துடைக்கப்பட்ட வெள்ளைக் கார் பக்கத்தில் நின்றாலும், அதில் இந்த வலை எளிதில் கண்ணில் படாது. வெள்ளைக் காரில் கீறல்களே இல்லையா? இருக்கின்றன. பிறகு ஏன் தெரிவதில்லை?

இதற்கு விடை தெரிந்தால், கடையில் அடுக்கி வைத்திருக்கும் மெழுகு டப்பாக்களில் எது கருநிறக் காருக்கு ஏற்றது என்பதும் விளங்கிவிடும். தவறான டப்பாவை எடுத்தால் பணம் மட்டும் வீணாவதில்லை. காரின் பூச்சே தேய்ந்து போகும்.

ஒரு தாளின் கனம்

இன்றைய காரின் எஃகுத் தகட்டின்மேல் பொதுவாக நான்கு பூச்சுகள் இருக்கின்றன. முதலாவது, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு. இரண்டாவது, பரப்பைச் சமப்படுத்தும் பூச்சு. மூன்றாவது, நிறம் தரும் பூச்சு. மெட்டாலிக் கார்களில் இந்த மூன்றாம் அடுக்கில்தான் மிக மெல்லிய அலுமினியச் செதில்கள் கலந்திருக்கும். அவை பெரும்பாலும் தகட்டுக்கு இணையாகப் படுத்திருப்பதால் குட்டிக் கண்ணாடிகளைப்போல் ஒளியைத் திருப்புகின்றன. நாம் நகர்ந்து பார்க்கும்போது காரின் நிறம் ஓரிடத்தில் பளிச்சென்றும் ஓரிடத்தில் இருண்டும் தோன்றுவதற்கு இவையே காரணம்.

நான்காவது, நிறமற்ற மேல்பூச்சு. இதைக் கிளியர் கோட் என்பார்கள். மழை, வெயில், தூசி எல்லாவற்றையும் முதலில் எதிர்கொள்வது இதுதான். புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் பொருள்களும் இதில் சேர்க்கப்பட்டிருக்கும்.

நான்கு அடுக்குகளும் சேர்ந்து சுமார் 100 முதல் 130 மைக்ரான் கனமே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் ஏறத்தாழ இந்தக் கனம்தான். அதில் மேல்பூச்சின் பங்கு சுமார் 40 முதல் 50 மைக்ரான். காரின் ஆயுள் முழுவதற்கும் இருக்கும் முதல் இதுவே. இதைத் தேய்த்துச் செலவழித்துவிட்டால் எந்த மெழுகும் திருப்பித் தராது.

கறுப்பு ஏன் காட்டிக் கொடுக்கிறது?

மேல்பூச்சின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. காற்றிலிருந்து அதன்மீது நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் பரப்பிலேயே எதிரொளிக்கப்படுகிறது. மீதி 96 சதவீதம் உள்ளே போகிறது.

வெள்ளைக் காரில், உள்ளே போன ஒளியின் பெரும்பகுதி எல்லாத் திசைகளிலும் சிதறி வெளியே வந்துவிடுகிறது. அந்த வெள்ளத்தில், கீறல்களால் சிதறும் சிறிதளவு ஒளி கலந்து மறைந்து போகிறது. கருநிறக் காரிலோ உள்ளே போன ஒளியைப் பெரும்பாலும் நிறமியே விழுங்கிவிடுகிறது. மெட்டாலிக் பூச்சின் செதில்கள் கொஞ்சம் திருப்பி அனுப்பும்; அவ்வளவே. இருண்ட பின்னணியில் ஒவ்வொரு கீறலும் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. பகலில் தெரியாத விண்மீன்கள் இரவில் தெரிவதைப் போலத்தான் இதுவும்.

கீறல்கள் வட்டமாகத் தோன்றுவதும் ஒரு வேடிக்கை. உண்மையில் அவை பல திசைகளிலும் ஓடுகின்றன. ஆனால் விளக்கின் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பக்கூடிய கோணத்தில் அமைந்தவை மட்டுமே மின்னுகின்றன. அவை பிம்பத்தைச் சுற்றி வட்டமாகத் தென்படுகின்றன. உங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டை விளக்கொளியில் திருப்பிப் பாருங்கள்; வட்டங்கள் பிம்பத்தோடு நகர்வதைக் காணலாம்.

மெழுகு செய்வதும் செய்யாததும்

அம்மிக்கல்லில் தண்ணீர் பட்டால் அது கருமையாகத் தெரிகிறதல்லவா? கல்லின் மேடுபள்ளங்களைத் தண்ணீர் நிரப்புவதால் பரப்பில் சிதறும் ஒளி குறைகிறது. மெழுகு செய்வதும் இதே வேலைதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீறலுக்குள் காற்று இருந்தால், ஒளிவிலகல் எண்கள் 1-க்கும் 1.5-க்கும் இடையே பெரிய வேறுபாடு. 4 சதவீத ஒளி திரும்புகிறது. அதே கீறலில் 1.45 ஒளிவிலகல் எண் கொண்ட மெழுகு நிறைந்தால், கீறலின் சுவரில் திரும்புவது சுமார் 0.03 சதவீதம் மட்டுமே. கீறல் அங்கேயே இருக்கிறது. ஆனால் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. மெழுகு கரைந்து போனதும் மறுபடி தலைகாட்டும்.

இரண்டாவது வேலை, நீரை விலக்குதல். மெழுகின்மேல் நீரின் சேர்கோணம் 90 டிகிரிக்கு மேல் இருப்பதால் நீர் பரவாமல் முத்து முத்தாகத் திரள்கிறது. மூன்றாவது, பரப்பு வழுவழுப்பாகி அழுக்கு எளிதில் வந்துவிடுகிறது.

ஆனால் மெழுகு கவசம் அல்ல. துடைத்தபின் எஞ்சும் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தூசியில் உள்ள குவார்ட்சு மணல், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. அந்த மணலோடு சேர்த்துத் தேய்த்தால் எந்த மெழுகும் கீறலைத் தடுக்காது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பதும் முக்கியமாக மேல்பூச்சின் வேலையே.

பனைமரம் தரும் மெழுகு

கார் மெழுகுகளில் புகழ்பெற்றது கார்னபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் சியாரா, பியாவி போன்ற மாநிலங்களில் வளரும் ஒருவகை விசிறிப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது இது. வறட்சியில் நீர் ஆவியாகிவிடாமல் இருக்க அந்த மரம் தன் ஓலைமீது மெழுகைச் சுரக்கிறது. ஓலைகளை வெட்டி, உலர்த்தி, தட்டினால் மெழுகு தூளாக உதிரும்.

அமெரிக்காவில் மெழுகுத் தொழில் நடத்திய எச். எஃப். ஜான்சன், 1935-ஆம் ஆண்டில் இந்தப் பனைகளைத் தேடி, நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல சிறு விமானத்தில் பிரேசிலுக்கே பறந்து சென்றார் என்றால், இதன் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

இதன் சிறப்பு உருகுநிலை. தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகும். கார்னபா உருக 82 முதல் 86 டிகிரி வேண்டும். கோடை வெயிலில் நிற்கும் கருநிறக் காரின் தகடு 70 டிகிரியை எட்டக்கூடும். அங்கே தேன்மெழுகு இளகிவிடும், கார்னபா தாங்கும். ஆனால் தனிக் கார்னபா கல்போல் கடினமானது. கையால் பூச முடியாது. எனவே கரைப்பான்களும் வேறு மெழுகுகளும் கலந்து விற்கிறார்கள். சோப்பும் மழையும் பட்டுச் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ அது போய்விடும்.

பாலிமர் கலந்த செயற்கைப் பூச்சுகள் பரப்பை இன்னும் உறுதியாகப் பற்றிக்கொண்டு பல மாதங்கள் நிற்கும். சிலிக்காவை ஒத்த கடினப் படலம் அமைக்கும் 'செராமிக்' பூச்சுகள் ஓராண்டுக்கு மேலும் நிற்கக்கூடும். அவற்றின் விளம்பரத்தில் '9எச்' என்று இருந்தால் மயங்கிவிடாதீர்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்துக்கு 10 தரும் மோஸ் அளவு அல்ல.

எதைத் தேர்ந்தெடுப்பது?

டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அதில் தேய்பொருள் இருக்கிறதா என்பதே. 'பாலிஷ்', 'காம்பவுண்டு', 'கிளீனர் வாக்ஸ்' என்ற பெயர்களில் விற்பவற்றில் பெரும்பாலும் அலுமினா போன்ற நுண்துகள்கள் இருக்கும். அவை மேல்பூச்சை அரத்தால் ராவுவதுபோல் ராவி, கீறலின் விளிம்பைச் சமன் செய்கின்றன. கீறலை உண்மையாகவே நீக்குவது இதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பூச்சில் ஒரு பகுதி போகிறது. எனவே இதை அரிதாகவே செய்ய வேண்டும். மாதந்தோறும் பூசுவதற்குத் தேய்பொருள் இல்லாததே தேவை.

கார் பெரும்பாலும் வெயிலிலும் மழையிலும் நிற்குமானால் பாலிமர் பூச்சு நல்லது. கொட்டகையில் நிற்கும்; அடிக்கடி பூசப் பொறுமையும் உண்டு என்றால் கார்னபா போதும். பளபளப்பில் எது மேல் என்று வாதிடுவதில் பயனில்லை. ஒளிவிலகல் எண்கள் ஏறத்தாழ ஒன்றே என்பதால், சுத்தமான பரப்பில் இரு நல்ல மெழுகுகளின் வேறுபாட்டைக் கண்ணால் அறிவது கடினம். 'கறுப்புக் காருக்கென்றே' சாயம் கலந்து விற்பதும் மேல்பூச்சின் நுண்கீறலுக்கு வேண்டியதில்லை. அந்தக் கீறல் வெண்மையாகத் தெரிவது நிறம் போனதால் அல்ல, ஒளி சிதறுவதால்தானே?

எவ்வளவு பூச வேண்டும்? காரின் பரப்பு 10 சதுர மீட்டர் என்று கொள்ளுங்கள். ஒரு மைக்ரான் கனத்துக்கு 10 கன சென்டிமீட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி மெழுகு! மீதியெல்லாம் துடைக்கும் துணிக்குத்தான் போகிறது. தடிமனாகப் பூசினால் கருநிறத்தில் வெள்ளைத் திட்டுகள் தங்கும்.

இவை எல்லாவற்றையும்விடக் கழுவும் முறையே முக்கியம். முதலில் வெறும் நீரை ஊற்றி மணலைப் போக்குங்கள். சோப்பு நீருக்கு ஒரு வாளியும் துணியை அலச ஒரு வாளியும் வையுங்கள். உலர்ந்த தூசியைத் துணியால் தட்டித் துடைக்காதீர்கள். ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீரில் கழுவினால் உடனே ஒற்றி உலர்த்துங்கள். முத்துமுத்தாக நின்ற நீர் ஆவியானதும், அதிலிருந்த கால்சிய உப்புகள் வெள்ளை வட்டங்களாகப் படியும். நீர்த்துளி உருப்பெருக்கிபோல் வெயிலைக் குவித்துப் பூச்சைச் சுட்டுவிடுகிறது என்பார்கள். அரைக்கோளத் துளியின் குவியம் பூச்சின்மேல் விழாமல் அதற்கும் கீழே அமைவதால் அது பொருந்தாது.

செய்து பாருங்கள்

வழுவழுப்பான கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்றைத் தூசி படிந்த துணியால் நன்றாகத் தேயுங்கள். விளக்கொளியில் வெள்ளைக் கோடுகள் தெரியும். பாதிப் பரப்பில் மட்டும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அதன் ஒளிவிலகல் எண்ணும் சுமார் 1.45 தான். அந்தப் பாதியில் கோடுகள் மங்கி, நிறம் கறுக்கும். இனிச் சோப்பு நீரில் கழுவித் துடையுங்கள். என்ன ஆயிற்று?

ஒரே பூச்சில் கீறல்கள் அடியோடு நீங்கிவிடும் என்று சொல்லும் விளம்பரத்தை இனி நீங்கள் பார்த்தால், அது கீறலை நிரப்புகிறதா, பூச்சைத் தேய்க்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் வாங்குங்கள்.