துறைகளின் இடைவெளி

பேரமைப்பு ஒன்றில் பணிகளைத் துறை துறையாகப் பகுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. எல்லாரும் எல்லாவற்றையும் செய்யப் புகுந்தால் எதுவும் திருந்த முடியாது. ஆயினும் இப்பகுப்பில் பெருங்குறை ஒன்று உண்டு. கண் ஓரிடத்தும் வாய் வேறிடத்தும் இருப்பது போன்ற நிலை அங்கு உண்டாகிவிடும். தம் மேசைக்கு வந்த தாளை அடுத்த மேசைக்கு அனுப்பியதும் கடமை முடிந்ததென்று எண்ண அலுவலர் பழகிவிடுவர். அவர் சோம்பரல்லர், அத்தாள் யாருக்குப் பயன்பட வேண்டுமென்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரக் கடற்கரை இக்குறையின் விளைவைப் பெருந்துயராகக் கண்டது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்குச் சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் பெருநிலநடுக்கம் உண்டாயிற்று. நம் நாட்டுக் கருவிகள் அவ்வதிர்வைப் பதிவு செய்தன. எட்டு மணிக்கு முன்னரே கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் சூழ்ந்தது. அச்செய்தி சென்னைப் பகுதிப் படைப்பிரிவுக்கும் எட்டியது. பேரலை தமிழகக் கரையை அடைந்ததோ ஒன்பது மணியளவில்தான்.

அளப்போர் அளந்தனர், படையினர் தம் மேலிடத்திற்கு அறிவித்தனர். கரையில் நின்ற மீனவரை நோக்கி ‘விலகுக’ என்று கூறுவது எவர் பணி? இந்தியப் பெருங்கடலுக்கு அன்று ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பே இல்லை. வானிலைத் துறையின் தொலைநகல், பதவியிலில்லாத முந்தைய அமைச்சர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றதென அந்நாளைய இதழ்கள் எழுதின. முகவரி பிழைத்தது சிறு தவறே. சரியான முகவரிக்குச் சென்றிருப்பினும், தில்லியிலிருந்து கடற்கரைக் குப்பம் வரை அது கடக்கவேண்டிய படிகள் பலவாகும்.

மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், கடல்நீர் இறைக்குமிடத்தில் நீர்மட்டம் உயர்ந்ததும் பணியிலிருந்தோர் உலையை நிறுத்தினர். உலைக்குத் தீங்கு நேரவில்லை. கண்டவரும் செயற்பட்டவரும் அங்கு ஓரிடத்தே இருந்தனர். இன்னும் தெற்கே, புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊரின் கதை வியப்பிற்குரியது. சிங்கப்பூரிலிருந்த அவ்வூரார் ஒருவர் செய்தியறிந்து தொலைபேசியில் உரைத்தார். ஊரின் அறிவு மையத்து ஒலிபெருக்கி முழங்கிற்று. மக்கள் உயிர் தப்பினர். அரசின் துறைகள் பலவற்றால் இயலாததை ஓர் உறவின் குரல் செய்தது!

2007ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கி வருகின்றது. நிலநடுக்கத்தை அறிதலும், அலையைக் கணித்தலும், அரசுகளுக்கு அறிவித்தலும் அங்கு ஒரு கூரையின்கீழ் நடைபெறுகின்றன. அங்கிருந்து புறப்படும் செய்தி, மாநில அலுவலகத்தையும் மாவட்ட அலுவலகத்தையும் கடந்தே இன்றும் குப்பத்தை அடைகின்றது.