அண்டா இருந்த அறை

சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, மரக் கைப்பிடியால் மேஸ்திரி தரையை ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக். ஷவருக்கு அடியில் வந்ததும் சத்தம் மாறிப் பொத், பொத் என்றது.

"கேட்டீங்களாக்கா? உள்ளே காலி. இத்தனை வருஷமும் தண்ணி இங்கதான் குடியிருந்திருக்கு."

ஊத்தங்கரைக்காரர். பெங்களூரில் முப்பது வருஷமாகக் கொத்து வேலை. அவர் சொன்ன 'இத்தனை வருஷம்' எனக்குத் துல்லியமாகத் தெரியும். 2009-ல் நானே அலைந்து திரிந்து பூப்போட்ட டைல்ஸ் வாங்கிவந்து, பழைய சிவப்பு ஆக்ஸைடு தரையின் மேலேயே ஒட்டவைத்தேன். அதற்குப் பெயர் புதுப்பித்தல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருஷம் பக்கத்து அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியது. பெயின்ட் உப்பி உப்பி உதிர்ந்தது. பீரோவை அந்தப் பக்கம் தள்ளி மறைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

மல்லேஸ்வரத்தில் எங்கள் வீடு 1958-ல் என் மாமனாரின் அப்பா கட்டியது. போன வருஷம் 83 வயது அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு சுளுக்கியதோடு போயிற்று. அன்று இரவே என் கணவர், "அம்மா ரூமுக்குள்ளயே ஒரு டாய்லெட் வெச்சிடலாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முடியாது என்பதற்கான காரணம் நூறு வருஷத்துக்கும் மேலே போகிறது.

எங்கள் தெருவின் பழைய வீடுகளில் கழிவறை பின்சுவரை ஒட்டித்தான் இருக்கும். சுவருக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து ஓடும். கன்சர்வன்சி லேன் என்று பெயர். 1898-ல் பிளேக் நோய் ஊரைச் சூறையாடிய பிறகு மளமளவென்று வளர்ந்த பேட்டைகள் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று நேர்நேராகத் தெருப் போட்டவர்கள், வீடுகளின் முதுகுப் பக்கம் இந்தச் சந்துகளையும் போட்டார்கள். எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய வருகிறவர் தெருவழியே வரக்கூடாது, யார் கண்ணிலும் படக்கூடாது, அதற்குத்தான் சந்து. தலையில் மலம் சுமக்கும் அந்தக் கொடுமையைக் கர்நாடகத்தில் 1970-களில் தடை செய்தவர் அமைச்சராக இருந்த பி. பசவலிங்கப்பா. நாடு முழுமைக்கும் சட்டம் வர 1993 ஆயிற்று. இப்போது மல்லேஸ்வரத்தில் சில சந்துகளைக் கூட்டிப் பெருக்கிச் சுவரில் ஓவியம் தீட்டி, நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் எனக்குச் சுவரின் அடிப்பாகத்தைப் பார்க்கத் தோன்றும்.

எங்கள் பாதாளச் சாக்கடைக் குழாயும் அந்தச் சந்துக்குத்தான் போகிறது. அத்தையின் அறையோ வீட்டின் முன்பாதியில் இருந்தது. இடையில் 24 அடி. கழிவறையிலிருந்து போகும் 4 அங்குலக் குழாய்க்கு 60-க்கு 1 என்ற வாட்டமாவது வேண்டும். 24 அடிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 5 அங்குல இறக்கம். வாட்டம் குறைந்தால் அடைத்துக்கொள்ளும். குழாயின் கனம், ட்ராப்பின் ஆழம் எல்லாம் சேர்த்தால் புதுக் கழிவறையின் தரையை முக்கால் அடியாவது தூக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. வழுக்கி விழுந்தவருக்கு நாங்கள் படி கட்டிக்கொடுத்திருப்போம்!

கடைசியில் கழிவறையை நகர்த்தவில்லை. அத்தையின் கட்டிலை நகர்த்தினோம். பீரோவால் ஓதத்தை மறைத்திருந்தோமே, அந்தப் பின்னறைக்கு. அங்கிருந்து குளியலறைக்கு நேராக ஒரு வாசல் திறந்தோம். பழைய வீட்டில் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. அதனால் முதலில் மேலே லின்டல் போட்டு, அது இறுகிய பிறகுதான் கீழே இடித்தார்கள். வாசல் அகலம் 3 அடி. நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது.

தரையை உடைத்த அன்று பழைய ஜிஐ குழாயிலிருந்து ஒரு துண்டை அறுத்து பிளம்பர் என் கையில் கொடுத்தார். முக்கால் அங்குலக் குழாய். உள்ளே துருவும் போர்வெல் உப்பும் பட்டை பட்டையாகப் படிந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை. ஷவரில் தண்ணீர் வரவில்லை என்று நான்கு ஷவர் மாற்றியவள் நான். அந்தத் துண்டு இப்போதும் என் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க உதவுகிறது.

புதிதாக சிபிவிசி குழாய் போட்டோம். சுவரை மூடுவதற்கு முன்பு கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தார்கள். குழாய் போகும் சுவர்களை டேப் பிடித்து அளவு தெரியும்படி நான் படமெடுத்து வைத்துக்கொண்டேன். பின்னால் ஆணி அடிக்கிறவர் குழாயில் அடிக்காமலிருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

அடுத்தது நீர்க்கசிவுத் தடுப்பு. ஒதுக்கிய பணத்தில் பெரிய பங்கு இங்கேதான் போனது. கண்ணுக்குத் தெரியாத செலவு இது. பூச்சைத் தரையில் மட்டுமின்றிச் சுவரிலும் ஏற்றி, மூலைகளில் இரட்டைக் கவனமாகப் பூசி, வடிகால் வாயை அடைத்து 2 அங்குலத் தண்ணீர் தேக்கினார்கள். ஒரு ராத்திரி போதும் என்றார் பூச்சு வேலைக்காரர். மூன்று நாள் என்று பிடிவாதமாக நின்றேன். நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். முதல் காலை கோட்டிலேயே நின்றது. இரண்டாம் காலை அரை விரல்கடை கீழே. தரை வடிகாலின் நஹானி ட்ராப் கழுத்தைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு விரிசல். மறுபடி சுரண்டிப் பூசி, மறுபடி தேக்கி, நான்கு நாள் கூடுதல். அந்த அரை விரல்கடையை டைல்ஸ் போட்டு மூடியிருந்தால் இன்னொரு பீரோ வாங்கியிருக்க வேண்டும். பக்கத்து அறையின் ஓதச் சுவரில் 3 அடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை ஐந்து வாரம் காற்றாட விட்டோம்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். அங்கே குளியலறைத் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்துக்குள் குழாய்களை ஓட்டி மண்ணோ செங்கல் ஜல்லியோ நிரப்பியிருப்பார்கள். கசிந்தால் கீழ்வீட்டுக்காரர் தலையில்தான் சொட்டும். எனவே சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர் தேக்கும் நாளில் கீழ்வீட்டுக்காரரையே கூப்பிட்டு அவர் வீட்டுக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சித்தையா ரோட்டில் ஒரு கடையில் தட்டு மாதிரி பெரிய மழை ஷவர் காட்டினார்கள். மகள் மயங்கிவிட்டாள். 10 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால்தான் 1 பார் அழுத்தம். எங்கள் மாடித் தொட்டி ஷவருக்கு மேலே 8 அடிதான், கால் பார். அதில் அந்தத் தட்டு மழை பொழியாது, தூறும். வேண்டுமென்றால் பிரஷர் பம்ப் வைக்கலாம். ஆனால் இந்த ஊர்க் காவிரித் தண்ணீர் ஏற்கெனவே தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுனி என்று மூன்று இடத்தில் பம்ப் ஆகி, சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறித்தான் வருகிறது. 1974-லிருந்து இதே பாடு. 2024 கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்து நின்ற பிறகு, அந்தத் தண்ணீரை இன்னொரு பம்பில் தள்ளித் தலையில் கொட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சாதாரண ஷவர், 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள ஃப்ளஷ், குழாய்களில் ஏரேட்டர். அத்தைக்கு எப்போதும் வாளியும் சொம்பும்தான்.

பிடிகம்பி விஷயத்தில் எங்களுக்கு வழிகாட்டியவர் அத்தையே. கடைக்காரர் ஓர் அளவு சொன்னார், பிளம்பர் வேறொன்று சொன்னார். நான் பிளாஸ்டிக் நாற்காலியைக் கழிவறை வரப்போகும் இடத்தில் போட்டு அத்தையை உட்காரவைத்து, "எழுந்திருங்க அத்தை" என்றேன். எழும்போது வலது கை தானாகச் சுவரைத் தேடியது. அது பட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். இரண்டு பேர் சொன்ன அளவிலும் அது இல்லை. கம்பி அங்கேதான் போனது. கீசர் சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே வைத்தோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி பழைய மெயின் போர்டில் இல்லை, புதிதாகச் சேர்த்தோம்.

டைல்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்தவை. சொரசொரப்பான, ஓரடிக்கு ஓரடி. பெரிய பலகையாக வாங்கினால் வடிகாலை நோக்கி வாட்டம் கொடுப்பது கஷ்டம். இடுக்குகளுக்கு எபாக்ஸி. 25 நாள் என்று தொடங்கி 47-ம் நாள் முடிந்தது. 3 லட்சத்து 60 ஆயிரம் ஆயிற்று.

அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: செப்பு அண்டாவுக்கு ஓரிடம். கல்யாணமாகி வந்தபோது சுவரோடு கட்டிய விறகடுப்பின் மேல் உட்கார்ந்திருந்த அண்டா அது. தீபாவளிக்கு முந்தின நாள் கன்னடக்காரர்கள் 'நீரு தும்போ ஹப்பா' கொண்டாடுவார்கள். குளியலறையைக் கழுவிக் கோலமிட்டு, அண்டாவைத் தேய்த்துப் பொட்டு வைத்து, மறுநாள் எண்ணெய்க் குளியலுக்குத் தண்ணீர் நிரப்பி வைப்பது. பக்கத்து வீட்டைப் பார்த்துப் பழகி, எங்கள் தமிழ் வீட்டிலும் அறுபது வருஷமாக நடக்கிறது. மூலையில் ஒரு கடப்பைக் கல் மேடை போட்டு அண்டாவை ஏற்றினோம்.

இந்த வருஷமும் அத்தை பிடிகம்பியைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து, புதுத் தரையில் எட்டுப் புள்ளிக் கோலம் போட்டார். அரிசிமாவு டைலின் சொரசொரப்புக்குள் இறங்கிவிட்டது. தீபாவளி போய் நாலு நாள் ஆகிறது. தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று புள்ளிகள் இன்னும் போகவில்லை.