பட்டினத்தார் முதல் தாளமுத்து வரை: வடசென்னை மண்ணில் அடக்கமானவர்கள் யார் யார்?

வடசென்னைன்னு சொன்னாலே நம்ம கண்ணு முன்னாடி வருவது துறைமுகம், காசிமேட்டு மீன் மார்க்கெட், கன்டெய்னர் லாரி, எண்ணூர் புகைபோக்கி. ஆனால் இதே பகுதியில்தான் தமிழ்நாட்டின் ஆன்மிகத்தையும் அரசியலையும் திருப்பிப்போட்ட சிலரின் சமாதிகளும் கல்லறைகளும் இருக்கின்றன. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் பலருக்கே இது தெரியாது.

யார் அவர்கள்? எங்கே அடக்கமாகி இருக்கிறார்கள்? இடநெருக்கடி மிகுந்த ஊரில் அந்த இடங்களுக்கு என்ன ஆகிறது? வரிசையாகப் பார்க்கலாம்.

திருவொற்றியூர் கடற்கரையில் பட்டினத்தார்

காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வணிகம் செய்த பெரும் பணக்காரர் திருவெண்காடர். சாகும்போது உடைந்த ஊசிகூட நம்மோடு வராது என்ற உண்மை உறைத்ததும், எல்லாச் செல்வத்தையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு கிளம்பினார் என்பது அவரைப் பற்றிய கதை. அவர்தான் பட்டினத்தார். 1962-ல் டி.எம்.சௌந்தரராஜன் பட்டினத்தாராகவே நடித்த படம் மூலம் இந்தக் கதை பட்டிதொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஊர் ஊராகச் சுற்றியவர் கையில் ஒரு பேய்க்கரும்பு இருந்ததாம். அது எந்த ஊரில் இனிக்கிறதோ, அங்கேதான் தன் முடிவு என்று நம்பினார். திருவொற்றியூரில் இனித்தது. அங்கே கடற்கரையில் விளையாடிய சிறுவர்களிடம் தன்னை மூடச் சொன்னார், திறந்து பார்த்தபோது லிங்கம் இருந்தது என்கிறது மரபுக்கதை.

பட்டினத்தார் பெயரில் வெவ்வேறு காலங்களில் ஒருவருக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆனால் மக்கள் மனதில் சமாதி ஒன்றுதான். திருவொற்றியூர் கடலோரச் சாலையை ஒட்டி அந்தக் கோயில் இருக்கிறது. ஆடி மாத உத்திராடத்தில் குருபூஜை நடக்கும்.

அதே திருவொற்றியூரில்தான் பாடகச்சேரி ராமலிங்க சுவாமிகளின் சமாதியும் உள்ளது. கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் திருப்பணிக்காக வீடு வீடாகக் காசு திரட்டியவர் என்று அறியப்படும் இவர், 1949-ல் ஆடிப்பூரத்தன்று சமாதி அடைந்தார்.

தண்டையார்பேட்டைக்குப் பெயர் தந்தவரா குணங்குடி மஸ்தான்?

ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி பக்கம் இருக்கும் சின்ன ஊர் குணங்குடி. அங்கே 1792-ல் பிறந்தவர் சுல்தான் அப்துல் காதர். இளம் வயதிலேயே துறவு பூண்டு பல ஊர்களில் அலைந்தவர், கடைசியில் வந்து தங்கியது அப்போது புதர்க்காடாகக் கிடந்த ராயபுரம் பகுதியில். 1838-ல் இங்கேயே காலமாகி, இங்கேயே அடக்கமானார். அவருடைய தர்கா இன்றும் இருக்கிறது.

இவர் பாடிய பராபரக்கண்ணியும் ரகுமான் கண்ணியும் தமிழ் சூஃபி இலக்கியத்தில் முக்கியமானவை. சித்தர் பாடல் மாதிரியே இருக்கும் இந்தப் பாடல்களுக்கு மதம் கடந்து ரசிகர்கள் உண்டு. அவருடைய சீடர்களில் ஒருவரான ஐயாசாமி முதலியார், குருவைப் போற்றி அந்தாதியே பாடியிருக்கிறார்.

தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் மக்கள் அவரைத் 'தொண்டியார்' என்று கூப்பிட்டார்கள். அவர் இருந்த இடம் 'தொண்டியார்பேட்டை' ஆனது, அதுவே பேச்சுவழக்கில் தண்டையார்பேட்டை ஆகிவிட்டது என்று சொல்லப்படுகிறது.

ராயபுரத்தில் பார்சிகளா?

ஆமாம். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வணிகத்துக்காக மெட்ராஸ் வந்த பார்சிகள், ராயபுரத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். 1906-ல், பிரோஜ் கிளப்வாலா என்ற பார்சி வணிகர் தன் மகன் ஜாலைச் சிறுவனாக இருக்கும்போதே பறிகொடுத்தார். மகனின் நினைவாக அவர் கட்டிக்கொடுத்த அக்னி கோயில் 1910 முதல் ராயபுரத்தில் இயங்கி வருகிறது. பக்கத்திலேயே பார்சிகளின் அடக்க இடமும் உண்டு.

பார்சிகள் இறந்தவர்களின் உடலைப் பறவைகளுக்கு விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மும்பையில் அதற்கான 'அமைதிக் கோபுரம்' இருக்கிறது, சென்னையில் இல்லை. அதனால் இங்குள்ள பார்சிகள் அடக்கம்தான் செய்கிறார்கள்.

மூலக்கொத்தளம்: இரண்டு இளைஞர்கள், ஒரு மருத்துவர்

கொத்தளம் என்றால் கோட்டை மதிலின் காவல் அரண். பழைய நகரத்தின் மூலையில் இருந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் மூலக்கொத்தளம் சுடுகாடுதான் மொழிப்போர் வரலாற்றின் முக்கியமான இடம்.

1938 ஏப்ரலில் ராஜாஜி தலைமையிலான மெட்ராஸ் மாகாண அரசு, 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. போராட்டம் வெடித்தது. சவுகார்பேட்டையில் உள்ள இந்து தியாலஜிக்கல் பள்ளி முன்பு மறியல் நடந்தது. போராட்டத்தில் மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

அப்படி 1938 டிசம்பரில் கைதானவர் நடராசன். சென்னையைச் சேர்ந்த பட்டியலினக் குடும்பத்துப் பிள்ளை. சிறையில் உடல்நலம் மோசமானது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றபோதும் மறுத்துவிட்டார். 1939 ஜனவரி 15-ல் அரசு பொது மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அவருடைய இறுதி நிகழ்ச்சியில் பேசியவர்களில் ஒருவர் அண்ணா.

இரண்டே மாதம். கும்பகோணத்துக்காரரான தாளமுத்துவும் மறியலில் கைதாகி, 1939 மார்ச்சில் இறந்தார். நோயால் நேர்ந்த மரணம் என்றது அரசுத் தரப்பு. மொழிக்காகக் கொடுத்த உயிர் என்றார்கள் போராடியவர்கள். இருவருமே மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. எழும்பூரில் சிஎம்டிஏ அலுவலகம் இயங்கும் 'தாளமுத்து நடராசன் மாளிகை' என்ற பெயர் இவர்கள் நினைவாக வைத்ததுதான்.

மூன்றாவது நினைவிடம் டாக்டர் தருமாம்பாளுடையது. தஞ்சை கரந்தையில் பிறந்த சித்த மருத்துவர். 1938 நவம்பர் 13-ல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்கு 'பெரியார்' என்ற பட்டம் தரப்பட்டது. அந்த மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களில் இவர் முக்கியமானவர். மறுநாளே மறியலுக்குப் போய்க் கைதானார். மற்ற ஆசிரியர்களுக்கு இணையான சம்பளம் தமிழாசிரியர்களுக்கும் வேண்டும் என்று 'இழவு வாரம்' போராட்டம் அறிவித்தவரும் இவரே. 1959-ல் காலமானார்.

இவர்களை ஏன் எரிக்காமல் புதைத்தார்கள்?

இந்துக்கள் என்றாலே எரிப்பதுதான் வழக்கம் என்று நினைப்பது தவறு. துறவிகளை அடக்கம் செய்து மேலே லிங்கம் வைப்பது சைவ மரபு. அதேபோல் தமிழ்நாட்டில் பல சமூகங்களில் புதைப்பதுதான் பரம்பரை வழக்கம். இஸ்லாமியர், கிறிஸ்தவர்களுக்கும் அடக்கம்தான்.

எரித்தால் சாம்பல் கடலில் கரைந்துவிடும், அடக்கம் செய்தால் ஒரு இடம் மிஞ்சும். அந்த இடத்துக்கு மக்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். அதனால்தான் ஒரு சமாதி கோயிலாகிறது, ஒரு கல்லறை அரசியல் மேடையாகிறது.

இப்போது என்ன பிரச்னை?

நிலம்தான் பிரச்னை. மூலக்கொத்தளம் சுடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடி வீடுகள் கட்ட 2017-ல் முடிவானது. மொழிப்போர் தியாகிகளின் இடத்தில் கை வைக்கக் கூடாது என்று பல கட்சிகளும் தமிழ் அமைப்புகளும் எதிர்த்தன. கடைசியில் வீடுகளும் வந்தன, நினைவிடமும் நின்றது. 2025 ஜனவரி 25-ல், மொழிப்போர் தியாகிகள் நாளன்று, புதுப்பிக்கப்பட்ட நினைவிடத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார்.

இதில் ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. வடசென்னையில் வீடில்லாத குடும்பங்கள் ஏராளம், அவர்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே அனுப்பாமல் இங்கேயே குடியமர்த்த இடம் வேண்டும். அதே நேரம் சுடுகாடு சுருங்கினால், நாளைக்குச் சாகப்போகும் ஏழைக்கும் புதைக்க இடம் இருக்காது. தலைவர்களுக்கு நினைவிடம் மிஞ்சும், சாதாரண மக்களின் குழிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காவிரிப்பூம்பட்டினம், தொண்டி, கும்பகோணம், கரந்தை. இங்கே அடக்கமானவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். பிழைக்கவும் போராடவும் துறவு தேடியும் வந்தவர்களுக்குக் கடைசி இடம் கொடுத்தது வடசென்னை.

போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். பட்டினத்தார் கோயிலுக்குத் திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போகலாம். மூலக்கொத்தளத்துக்கு பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையம் அருகில். பார்சி அக்னி கோயிலுக்குள் மட்டும் மற்ற மதத்தவருக்கு அனுமதி இல்லை.

ஜனவரி 25 அன்று மூலக்கொத்தளத்தில் மாலையோடு கட்சிக்காரர்கள் கூட்டம் இருக்கும். நடராசன், தாளமுத்து, தருமாம்பாள் பெயர்களை நிதானமாகப் படிக்கணும்னா மற்ற 364 நாளில் ஒரு நாள் போங்க.