படைவீரர் இல்லங்களில் இருவரும் அறிய வேண்டியவை

1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரைக் கைப்பற்றிய போரில் மைசூர் சமஸ்தானக் குதிரைப்படையும் பங்கேற்றது. அவ்வீரர்களை வரலாறு போற்றுகிறது. வீட்டில் காத்திருந்தோரை அது குறித்து வைக்கவில்லை. இன்றும் மைசூருவின் படைவீரர் இல்லங்களில் அக்காத்திருப்பு தொடர்கிறது.

படைப்பணியின் பலன்கள் பெரியவை. பொதுவாகச் சிப்பாய்க்கு 15 ஆண்டுகளிலும், அதிகாரிக்கு 20 ஆண்டுகளிலும் ஓய்வூதியத் தகுதி கிட்டுகிறது. மருத்துவ வசதியும் கேன்டீன் சலுகையும் உண்டு. இவற்றுக்கான விலையைக் குடும்பமும் சேர்ந்தே தருகிறது. பிள்ளைகள் பள்ளி மாறுகின்றனர்; மனைவி வேலையைத் துறக்கிறார்; முதிய பெற்றோரின் நோயைத் தனியே தாங்குகிறார்.

வீரர் இயற்கையாக இறந்தால், வழக்கமான குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. போரில் வீழ்ந்தாலோ, அது கடைசி ஊதியத்துக்கே இணையாகும். ஆயினும் திருமணமும் பிள்ளைகளின் பிறப்பும் பணிப்பதிவேட்டில் ஏறாதிருந்தால், துயர வேளையில் அலைச்சலே மிஞ்சும்.

எனவே, விடுப்பில் வரும்போதே பதிவேட்டு விவரங்களையும் வாரிசு நியமனத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியக் கணக்கை மனைவியுடன் கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அளிக்கும் வாழ்நாள் சான்றிதழ் பற்றி அவரும் அறிந்திருக்கட்டும். தியாகத்தில் பங்கேற்றவருக்கு அதன் பலன் தடையின்றிச் சேர்வதே முறை என நாம் கருதுகிறோம்.