லீவு விட்டாச்சு, எங்கே போய் விளையாடுவது?

ஏப்ரல் 14-க்குக் கட்டிய நீலக்கொடிகள் காலனி முகப்பில் இன்னும் அவிழ்க்கப்படாமல் வெயிலில் வெளுத்துத் தொங்குகின்றன. மே மாதம், காலை பதினோரு மணி. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு கிராமம். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் நிழலில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கையில் நுங்கு வண்டி. அதைத் தெருக்கோடிவரை ஓட்டிக்கொண்டு போவான், திரும்பி வருவான், மறுபடி உட்காருவான்.

"லீவு எப்படிடா தம்பி போகுது?" என்று கேட்டோம்.

"போரடிக்குதுண்ணா" என்றான்.

பக்கத்திலிருந்த சிறுமி, பள்ளிக்கூடம் திறக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். பள்ளிக்கூடம் எப்போது மூடும் என்று எண்ணும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். எப்போது திறக்கும் என்று எண்ணுகிற பிள்ளையைப் பார்க்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கோடை விடுமுறை என்றாலே வாரப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் ஒரே படம்தான் வரும். தாத்தா வீடு, வாய்க்கால் குளியல், மாந்தோப்பு, கிணற்றில் தொப்பென்று குதிக்கும் பையன்கள். அந்தக் கால விடுமுறையே சுதந்திரமாக இருந்தது, இந்தக் காலப் பிள்ளைகள் செல்போனில் தொலைந்துவிட்டார்கள் என்று அங்கலாய்ப்பும் கூடவே வரும். அந்தக் கிணறு யாருடையது, அந்தத் தோப்பு யாருடையது, அதில் யார் பிள்ளை இறங்கலாம் என்று யாரும் கேட்பதில்லை.

நமக்கும் அந்தக் காலம் இருந்தது. கோலி, கிட்டிப்புள், பம்பரம், டயர் வண்டி எல்லாம் ஆடித்தான் வளர்ந்தோம். ஆனால் நம் விளையாட்டுக்கு ஒரு எல்லை இருந்தது. காலனி முடியும் இடத்தில் புளியமரம் ஒன்று நிற்கும். டயர் அதைத் தாண்டி உருண்டு போய்விட்டால் எடுத்துவர யார் போவது என்று எங்களுக்குள் சண்டை வரும். பம்புசெட் தொட்டியில் ஊர்ப் பிள்ளைகள் குளித்து முடித்து ஏறும்வரை வரப்பில் நின்றிருப்போம். பிறகும் தொட்டியில் இறங்க முடியாது, வாய்க்காலில் வழிந்து வருகிற தண்ணீரில்தான் குளியல். "ஏன் அங்கே போகக் கூடாது?" என்று கேட்டால் அம்மா பதில் சொல்ல மாட்டார். முதுகில் ஒன்று வைப்பார். அந்த அடி கோபத்தில் விழுந்ததல்ல, பயத்தில் விழுந்தது என்று புரிய எங்களுக்குப் பல வருடம் ஆனது.

இன்று நிலைமை மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. பிள்ளைகள் ஊர்த்தெரு வழியாகச் சைக்கிளில் போகிறார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம் நடக்கும்போது ஒரே பந்தைத் துரத்தும் பிள்ளைகள், பள்ளி மூடிய மறுநாளே ஊர்த்தெரு, காலனி என்று பிரிந்துவிடுகிறார்கள். பள்ளி மைதானத்தின் கேட்டில் பூட்டு. ஏரி காய்ந்தால் அதில் கிரிக்கெட் ஆடலாம், ஆனால் ஊர் டீம் முதலில் ஆடும். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்த பிள்ளைகளிடம், "ஏரியில போய் ஆடலாமே?" என்று கேட்டோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாயங்காலம் போவோம்ணா, அவங்க போனதுக்கப்புறம்" என்றான் நுங்கு வண்டிக்காரன். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. தானாகவே நேரம் பார்த்துப் போகப் பழகிவிட்டார்கள். நமக்கு அதுதான் அதிகம் வலித்தது.

கோடை விடுமுறைக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை நமக்கு முதலில் எழுதிக் காட்டியவர் பாபாசாகேப் அம்பேத்கர். அது 1901-ம் ஆண்டு. சதாராவில் இருந்த அந்தச் சிறுவனுக்கு வயது பத்தை ஒட்டி இருக்கும். தாய் இல்லை. தந்தை கோரேகானில் வேலையில் இருந்தார். கோடை விடுமுறைக்கு வந்து தன்னோடு இருக்கும்படி பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். அண்ணன், அக்கா பிள்ளைகள் இருவர், அம்பேத்கர் என்று பெரியவர் துணையில்லாமல் ரயில் ஏறினார்கள். புதுச்சட்டை, புதுச்செருப்பு, ஜரிகைத் தொப்பி, தலைகால் புரியாத சந்தோஷம்.

மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துப்போக ஆள் வரவில்லை. அவர்கள் வருவதாக எழுதிய கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேரவில்லை. பிள்ளைகளின் உடையைப் பார்த்து அன்பாக விசாரித்த நிலைய அதிகாரி, மகார் சாதி என்று தெரிந்ததும் முகம் மாறினார். மாட்டுவண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார், இரட்டைக் கூலி, ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். இரவு முழுவதும் வண்டியில் சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. மறுநாள் முற்பகலில்தான் ஊர்போய்ச் சேர்ந்தார்கள். பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதிய அம்பேத்கர், தன் வாழ்க்கையில் இந்தச் சம்பவத்துக்கு முக்கியமான இடம் உண்டு என்கிறார். பள்ளியில் தனியாக உட்காரவைக்கப்படுவது அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் விடுமுறைச் சந்தோஷத்தோடு கிளம்பிய பயணத்தில் பட்ட அவமானம், அதுவரை பழக்கமாகத் தெரிந்ததையெல்லாம் கேள்வியாக மாற்றிவிட்டது.

அந்தச் சிறுவன்தான் பிறகு அரசியல் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைவரானார். கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் எதிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அச்சட்டத்தின் 15-வது பிரிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் வந்த திருத்தம், பட்டியல் சாதியினரைப் பொது நீர்நிலையைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும், பொது இடத்தில் சைக்கிள் ஓட்டவிடாமல், செருப்பு அணியவிடாமல் தடுப்பதையும் குற்றமாகவே எழுதிவைத்திருக்கிறது. தனியார் கிணற்றில் இறங்காதே என்று சொல்லச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டுதான். ஆனால் ஏரி எவருடைய பட்டாவும் அல்ல.

இது வெறும் மானப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினையும்கூட. பக்கத்துக் கிணற்றில் பெரியவர்கள் பார்வையில் நீச்சல் பழக முடியாத பிள்ளை, ஆள் இல்லாத கல்குவாரிக் குட்டையையும் மணல் அள்ளிய ஆற்றுப் பள்ளத்தையும் தேடிப் போகிறது. நம் கடலூர் மாவட்டத்தில் 2022 ஜூன் 5-ம் தேதி, நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். எந்தத் தெருப் பிள்ளையானாலும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பாதுகாப்பான நீர்நிலை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

சிறுமி நாள் எண்ணியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. "ஸ்கூல்ல தினம் முட்டை போடுவாங்க" என்றாள். 1956-ல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022-ல் மு.க.ஸ்டாலின் தொடங்கிய காலை உணவு, இவை மூன்றும் நம் பிள்ளைகளை வகுப்பறையில் உட்கார வைத்தவை. பள்ளி மூடினால் அடுப்பும் அணைந்துவிடுகிறது. அம்மா விடியலில் வேலைக்குப் போனால் மதியம் பழைய சோறுதான். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டிருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது சத்துணவுக்குப் பதில் உலர் பொருட்கள் கொடுத்தார்கள். அப்போது முடிந்தது, ஒவ்வொரு மே மாதமும் ஏன் முடியாது?

அந்தத் தொட்டி நிழலில் பெரிய பிள்ளைகள் யாரும் இல்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தோம். எட்டாவது முடித்த அண்ணன்கள் எங்கே என்று கேட்டதற்கு ஒருவன் முந்திரிக்காட்டைக் காட்டினான். கொட்டை பொறுக்கப் போயிருக்கிறார்கள். இன்னொருவனின் அண்ணன் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டான். பெண் பிள்ளைகளின் கதை வேறு. அம்மா நூறு நாள் வேலைக்குப் போனதும் தம்பி தங்கையைப் பார்ப்பது, குடம் தூக்குவது, சோறு ஆக்குவது எல்லாம் அவர்கள் தலையில். வீட்டிலேயே முந்திரி உடைக்கும் குடும்பங்களில் பிள்ளைகளின் விரல்களைப் பார்த்தால் தெரியும். தோட்டு எண்ணெய் பட்டுத் தோல் கருகி உரிந்திருக்கும்.

"லீவுல சும்மாதானே இருக்கான், நாலு காசு சம்பாதிக்கட்டுமே" என்று நம் வீடுகளிலும் சொல்கிறோம். வறுமை அப்படிச் சொல்ல வைக்கிறது. சட்டமும் இதற்கு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குக் குறைந்தவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம், அது அபாயகரமான வேலையாக இருக்கக் கூடாது, படிப்பைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு விலக்கையும் கொடுத்திருக்கிறது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் குடும்பத் தொழில் என்றால் கல்லாவில் உட்காருவது. முன்பணம் வாங்கிச் சூளைக்குப் போன குடும்பத்தின் பிள்ளைக்கு அது கல் அறுப்பது. சூளை வேலை ஜூன் திறப்பு நாளைப் பார்த்து முடிவதில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேராக ஒரு வாரம், இரண்டு வாரம் என்று விழும் 'வரவில்லை'தான் பிறகு நிரந்தர இடைநிற்றலாகிறது.

எனவே, 'போரடிக்குது' என்று நம் பிள்ளை சொன்னால் எரிச்சல்பட வேண்டாம். வேலை செய்து களைத்த பிள்ளைக்குப் போரடிப்பதில்லை, தூக்கம்தான் வரும். போரடிக்கிறது என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பிள்ளைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. நம் பாட்டனும் பாட்டியும் பண்ணையில் மாடு மேய்த்த வயதில் அவர்களுக்குக் கிடைக்காத நேரம் அது. அதைக் கூலியாக மாற்றிவிடாமல் காப்பாற்றுவதும், அதில் ஓடவும் படிக்கவும் இடம் ஏற்படுத்துவதும் பெரியவர்களான நம் பொறுப்பு.

செய்யக்கூடியவை இருக்கின்றன. 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகமும் விளையாட்டு மைதானமும் அமைத்தார்கள். உங்கள் ஊராட்சியில் அந்த நூலகக் கட்டடம் திறந்திருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, மைதானத்தில் காலனிப் பிள்ளைகள் எந்த நேரத்திலும் போய் ஆட முடிகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். மே 1 கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்தது ஆகஸ்ட் 15. அடுத்த கோடைக்குள் மைதானம் வேண்டுமென்றால் அன்றைக்கே தீர்மானம் எழுத வைக்க வேண்டும். பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் இப்போது விடுமுறைதான். தினம் ஒரு மணி நேரம் காலனிப் பிள்ளைகளோடு உட்காருங்கள். பாடம் நடத்த வேண்டாம், அதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கதைப் புத்தகம் படித்துக் காட்டலாம், கேரம் பலகை வாங்கிப் போடலாம். மாலையில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போகலாம். யாரும் போகும்வரை காத்திருக்காமல், ஊர்ப் பிள்ளைகளும் ஆடும் நேரத்திலேயே போங்கள். பள்ளியில் ஒன்றாக ஆடியவர்கள் ஏரியிலும் ஒன்றாக ஆடட்டும். தகராறு வந்தால் பேசுவதற்குப் பெரியவர்கள் கூட இருப்பது நல்லது.

நாம் கிளம்பும்போது நுங்கு வண்டி மறுபடி தெருக்கோடிவரை போனது. ஊர்த்தெரு தொடங்கும் வேகத்தடையில் வண்டி நின்றது. பையன் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான்.