எல்லா வெளிறலும் தேமல் அல்ல

கடந்த வருடம் எனது வகுப்பு மாணவன் ஒருவன் கையில் பெரிய கொப்புளத்தோடு வந்தான். கொதிக்கும் கேத்தலில் முழங்கை பட்டுவிட்டதாம். "சுட்டவுடனே கையை எடுக்கல்லையா மகன்?" என்று கேட்டேன். "சுட்டது விளங்கல்ல சேர்" என்றான்.

கொப்புளத்தைச் சுற்றி வெளிறிய ஒரு படை இருந்தது. அதை நான் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தேமல் என்றுதான் நினைத்தேன். அவனது உம்மாவும் அப்படியே நினைத்து, பார்மசியில் வாங்கிய கிறீமைப் பூசி வந்திருக்கிறார். வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவில் அது தொழுநோய் என்று கண்டறியப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், மருந்தை முடித்து இன்று அந்தப் பிள்ளை நலமாக இருக்கிறான். ஆனால் அவன் சொன்ன பதில் என்னை விட்டு அகலவில்லை. நான் வைத்தியர் அல்ல. ஓர் ஆசிரியனாக நான் தவறவிட்டதை மற்றவர்கள் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

"தொழுநோயா? அது அந்தக் காலத்து நோயல்லவா?" என்று பலர் கேட்கிறார்கள். 1708ஆம் ஆண்டு ஒல்லாந்தர் ஹெந்தளையில் கட்டிய வைத்தியசாலையும், மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவும்தான் நமது நினைவுக்கு வருகின்றன. 1995இல் இலங்கை இந்நோயை ஒழிக்கும் இலக்கை எட்டியது உண்மை. ஆனால் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவான நோயாளிகள் என்பதே அந்த இலக்கு. நோய் அற்றுப்போய்விட்டது என்பது அதன் பொருளல்ல. இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் இனங்காணப்படுகிறார்கள். மேல் மாகாணத்திலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலும் இது அதிகம். அதாவது நமது மக்கள் நெருக்கமாக வாழும் இடங்கள்.

நமது பேச்சு வழக்கும் குழப்பத்தைக் கூட்டுகிறது. பால் போன்ற வெள்ளைத் திட்டை 'வெண்குஷ்டம்' என்கிறோம். ஆனால் அதற்கும் குஷ்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அறபியில் முன்னையது 'பரஸ்', பின்னையது 'ஜுதாம்'. நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடிய துஆவிலும் இவை இரண்டும் தனித்தனியாகவே வருகின்றன. நாம்தான் இரண்டையும் ஒரே பெயருக்குள் போட்டு, தொற்றவே தொற்றாத வெண்புள்ளி உள்ள பெண் பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக்களைக் குழப்புகிறோம்.

வித்தியாசத்தை எளிதாகச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். தேமல் ஒரு பூஞ்சையால் வருவது. கழுத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் அதிகமாகக் காணப்படும். சுரண்டினால் மெல்லிய தூள் போல் உதிரும். வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்கள் அழிவதால் வருவது. அந்த இடம் பால் வெள்ளையாக இருக்கும். ஆனால் தொட்டால் உணர்ச்சி இருக்கும். தொழுநோயின் படை முழு வெள்ளையாக இருக்காது. வெளிறியோ சிவந்தோ இருக்கும். பெரும்பாலும் சொறியாது, வலிக்காது. அந்த இடத்தில் உணர்ச்சி குறையும், வியர்வை குறையும், முடி உதிரும். வலிக்காததால்தான் நாம் அசட்டை செய்கிறோம்.

வைத்தியர் வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார். முழங்கை, கழுத்து, முழங்கால் பகுதிகளில் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். தேவையானால் காது மடலில் சிறு கீறலிட்டுக் கிருமி உண்டா என்று சோதிப்பார்கள். சிறு துண்டுத் தோலை எடுத்தும் பார்ப்பார்கள். முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டால் சின்ன விரலும் மோதிர விரலும் மடங்கிப் போகலாம். பிந்திப்போனால் அதைத் திரும்ப நிமிர்த்துவது கடினம். பார்மசி கிறீமின் ஆபத்து இதுதான். அவற்றுள் பலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கிறது. தேமல், படை போன்ற பூஞ்சை நோய்களில் அது நோயைப் பரவச் செய்யும். தொழுநோயிலோ உண்மையான மருந்துக்குரிய காலத்தை வீணாக்கும்.

சிகிச்சை மிக எளிது. ஐந்து படை வரை என்றால் பொதுவாக ஆறு மாதம், அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு மாதம் மாத்திரை. அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம். மருந்தால் சிறுநீர் சிவக்கலாம், தோல் கறுக்கலாம். பயந்து நிறுத்தக் கூடாது. இடையில் படை வீங்கினாலோ நரம்பு வலித்தாலோ மருந்து பிடிக்கவில்லை என்று விட்டுவிடாமல் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். வீட்டில் உள்ள மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டும். இந்தக் கிருமி உடலில் பல வருடங்கள் வெளித்தெரியாமல் இருக்கும்.

தொழுநோயாளியை விட்டு விலகியிருக்கச் சொல்லும் ஹதீஸைக் காட்டிச் சிலர் நோயாளியை ஒதுக்குகிறார்கள். அந்த எச்சரிக்கை நோய் பரவாமல் காப்பதற்கானது. மருந்து தொடங்கிச் சில நாட்களிலேயே நோயாளியிடமிருந்து நோய் தொற்றுவது நின்றுவிடுகிறது. அதன் பிறகும் ஸப்பில் பக்கத்தில் நிற்கத் தயங்குவதற்கு என்ன காரணம் இருக்கிறது? ஒதுக்கப்படுவோம் என்ற பயத்தில்தான் நோயாளி ஒளிக்கிறார். ஒளிப்பதால்தான் நோய் பரவுகிறது. ஒதுக்குபவர்களே நோயை வளர்க்கிறோம்.

நமது பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஆடைக்குள் மறைந்திருக்கும் படையை வேறு யாரும் காண்பதில்லை. வெட்கத்தால் வைத்தியரிடமும் காட்டுவதில்லை. பெண் வைத்தியரைக் கேட்கலாம். அவர் இல்லாதவிடத்து மருத்துவத் தேவைக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதை மௌலவிமார் பள்ளிவாசலில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முதுகையும் கை கால்களையும் ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வெளிறிய படை கண்டால் கண்ணை மூடச் சொல்லி ஒரு பஞ்சால் தொட்டுப் பாருங்கள். விளங்கவில்லை என்று பிள்ளை சொன்னால் உடனே வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ கூட்டிச் செல்லுங்கள். விளங்குகிறது என்று சொன்னாலும், படை சில வாரங்களில் மறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். சிறு பிள்ளைகளால் இந்தச் சோதனைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாது.